ஓ பொசிட்டிவ் என்று தெரிந்தால் போதுமா?

பிள்ளையின் சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனதைக் கண்ட தாய், வெயிலுக்குத் தண்ணீர் காணாமல் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். மறுநாள் கண் மஞ்சளானது. இடுப்பு நோகிறது என்று பிள்ளை படுத்துவிட்டாள், மேல் காய்ந்தது. எட்டு நாளைக்கு முன்புதான் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய கையோடு 11ஐத் தொட்டிருந்த ஈமோகுளோபின், மறுபடி சோதித்தபோது 7க்குக் கீழே கிடந்தது.

அவள் எனக்கு மருமகள் முறை. படுவான்கரையில் ஒரு ஊர். கைக்குழந்தையிலேயே தலசீமியா (உடல் செங்குழியத்தைச் சரியாக உண்டாக்காத பரம்பரை நோய்) என்று கண்டுபிடித்து, அன்று தொடக்கம் மூன்று கிழமைக்கு ஒருமுறை வாவியைக் கடந்து மட்டக்களப்புக்கு வந்து இரத்தம் ஏற்றிக்கொண்டு போகிறவள். அந்த முறை மட்டும் பள்ளிக்கூட லீவுக்கு வேறு மாவட்டத்தில் சித்தி வீட்டில் நின்றாள். தவணை தப்பக்கூடாது என்று அங்குள்ள ஆஸ்பத்திரியிலேயே ஏற்றினார்கள். "குறூப் என்ன?" என்று கேட்டார்கள். "ஓ பொசிட்டிவ் மிஸ்ஸி" என்றாள் சித்தி. ஏற்றியதும் ஓ பொசிட்டிவ்தான். பொருத்திப் பார்த்திருக்கிறார்கள், பொருந்தியிருக்கிறது. யாரும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யவில்லை.

பிறகு எங்கே பிழைத்தது? இரத்த வங்கிப் பரிசோதனைக்கூடத்தில் சில வருடங்கள் வேலை செய்தவன் என்பதால் உறவுக்காரர் எல்லோரும் என்னிடம்தான் இதைக் கேட்டார்கள். தொலைபேசியில் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் கலியாணம் பேசும்போது ஊர், உறவு எல்லாம் விசாரித்து முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: என்ன குடி? தாய்வழியாக வருகிற குடி. தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்வதில்லை என்பது பழைய வழக்கம். இரத்தத்துக்கும் இப்படிக் குடி இருக்கிறது. ஏ, பி, ஏபி, ஓ என்பது ஊரைக் கேட்பது மாதிரி. அதற்கு உள்ளே எத்தனையோ இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: கலியாணத்துக்கு ஒரே குடி ஆகாது, இரத்தத்துக்கு ஒரே குடியாக இருந்தால்தான் நல்லது.

செங்குழியத்தின் தோலில் புரதமாகவும் சர்க்கரையாகவும் பல அடையாளங்கள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இவற்றுக்குப் பிறபொருளெதிரியாக்கி என்று நீளமான பெயர். நான் அடையாளம் என்றே சொல்கிறேன். இதுவரை கண்டறிந்தவை 300க்கும் மேல். 40க்கு மேற்பட்ட தொகுதிகளாக அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ, பி, ஓ வகையை வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்ரைனர் 1901இல் வெளியிட்டார். றீசஸ் என்ற தொகுதி 1940இல் வந்தது. நாம் 'பொசிட்டிவ்' என்று சொல்வது அந்தத் தொகுதியில் டீ என்ற ஒரேயொரு அடையாளம் இருக்கிறது என்பதை மட்டும்தான். அதே தொகுதியில் பெரிய சீ, சின்ன சீ, பெரிய ஈ, சின்ன ஈ என்று இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அந்த 'பொசிட்டிவ்' ஒன்றும் சொல்லாது. 1946இல் கெல், 1950இல் டஃபி, 1951இல் கிட். பிந்திய மூன்றும் நோயாளிக் குடும்பங்களின் பெயர்கள். ஆராய்ந்தவர் பெயரை வைக்காமல் அவதிப்பட்டவர் பெயரை வைத்த துறை வேறு இருக்கிறதா தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இத்தனை இருந்தும் ஏன் இரண்டை மட்டும் பார்த்து இரத்தம் கொடுக்கிறார்கள் என்றால், ஏ, பி இவற்றில் நம்மிடம் இல்லாததற்கு எதிரான பிறபொருளெதிரிகள், அதாவது அந்நிய அடையாளத்தில் போய் ஒட்டும் புரதங்கள், நம் உடம்பில் முன்கூட்டியே இருக்கின்றன. சுருக்கமாக எதிரி என்று சொல்கிறேன். ஓ வகைக்காரர் ஒருவர் வாழ்நாளில் ஒரு சொட்டு இரத்தமும் வாங்காவிட்டாலும், ஏ வகையை எதிர்க்கும் ஆயுதம் அவர் உடம்பில் தயாராக இருக்கும். குழந்தையாக இருக்கும்போதே குடலில் வாழும் பக்டீரியாக்களைக் கண்டு உடல் அதைச் செய்துவிடுகிறது. மற்ற அடையாளங்களுக்கு அப்படி இல்லை. பிறர் செங்குழியத்தை நேரில் சந்தித்த பிறகுதான் அவற்றுக்கு எதிரி உண்டாகும். விபத்தில் அடிபட்டு ஒரு பைந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்கு இது பெரும்பாலும் பிரச்சினையாக வருவதில்லை. மூன்று கிழமைக்கு ஒருமுறை வாங்குகிறவரின் கதை வேறு. ஒவ்வொரு பையும் ஒரு புது ஆளின் அறிமுகம்.

திரும்பத் திரும்ப ஏற்றினால்தான் தொல்லை என்பது ஒருவகையில் பழைய செய்தி. 1667 டிசம்பரில் பாரிஸில் ஜான் தெனி என்ற வைத்தியர், மனம் குழம்பிய ஒருவருக்குக் கன்றின் இரத்தத்தை ஏற்றினார். முதல் தரம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சில நாளில் மறுபடி ஏற்றியபோது வாந்தி, இடுப்பில் கடும் நோவு. அடுப்புக்கரியைக் கரைத்தது போலக் கறுத்த சிறுநீர். தெனியே அதை எழுதிவைத்தார். அந்த நோயாளி பின்னர் இறந்துபோக, வழக்காகி, இரத்தம் ஏற்றுவதே தடைப்பட்டது. கன்றின் இரத்தம் என்பதால் அது எவ்வளவோ மோசமான பொருத்தமின்மை. ஆனால் முதல் முறை தப்பி இரண்டாம் முறை அகப்பட்டதும் சிறுநீரின் நிறமும் இன்றைக்கும் வாட்டில் காணக்கூடியவை.

முதன்முதலில் அந்நிய அடையாளம் ஒன்றைக் கண்டதும் உடல் மெதுவாகவே வேலை செய்கிறது. எதிரியை உருவாக்கக் கிழமைக்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு எடுக்கும். அதற்குள் ஏற்றிய செங்குழியங்கள் பெரும்பாலும் தம் ஆயுளை முடித்துவிடுவதால் யாருக்கும் ஒன்றும் தெரியவராது. ஆனால் அந்த அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் எலும்பு மச்சையிலும் நிணநீர்க் கணுவிலும் தங்கிவிடுகின்றன. அடுத்தமுறை அதே அடையாளம் உள்ளே வந்தால் மாதக்கணக்கு வேண்டாம், சில நாளே போதும். பிள்ளைக்கு எட்டாம் நாள் காய்ந்தது அதனால்தான். ஏற்றி மூன்றாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் வருவதே இதன் வழமை. இரத்தம் ஏற்றிய ஞாபகமே அதற்குள் வீட்டில் மங்கியிருக்கும். காய்ச்சல், மஞ்சள் என்றதும் 'செங்கமாரி' என்று கீழ்க்காய்நெல்லி அரைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எதிரி செங்குழியத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை, அது கலத்தைத் தானே கொல்வதில்லை. கொல்வது மண்ணீரல். அங்கே காவலிருக்கும் பெரிய தின்குழியங்கள், எதிரி ஒட்டிய செங்குழியத்தைப் பிடித்து அதன் தோலில் ஒரு கடி கடிக்கின்றன. செங்குழியம் நடுவில் விரலால் அமுக்கிய ரொட்டி போன்றது. தோல் தாராளமாக இருப்பதால்தான் வளைந்து நெளிந்து தன்னைவிடக் குறுகிய சந்துக்குள்ளும் நுழைகிறது. தோல் குறையக் குறைய, உள்ளிருப்பது அப்படியே இருக்க, அது உருண்டையாகிறது. உருண்டைக்கு நெளியத் தெரியாது. அடுத்த சுற்றில் மண்ணீரலின் சந்தில் மாட்டிக்கொண்டு முடிந்துபோகிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நடுவெளிறு இல்லாத சின்னச் சின்ன அடர்சிவப்பு உருண்டைகள் தெரியும். ஒரு சிலைட்டில் அவை கூட்டமாக நின்றால், பக்கத்தில் இருப்பவரிடம் "இவருக்கு எப்ப இரத்தம் ஏத்தினது?" என்று கேட்போம்.

உடைந்த ஈமோகுளோபினிலிருந்து மஞ்சள் நிறப் பித்தப்பொருள் வருகிறது; கண் மஞ்சளாவது அதனால். சில எதிரிகள் இதோடு நிற்பதில்லை. இரத்தத்தில் உள்ள நிரப்பிப் புரதங்களையும் தூண்டிவிட்டு, இரத்தக் குழாய்க்குள்ளேயே கலத்தை உடைக்கவைக்கும். ஏபிஓ மாறி ஏற்றினால் நிமிடக்கணக்கில் நடப்பது இதுதான். கிட் எதிரிகளுக்கும் அந்தக் குணம் ஓரளவு உண்டு. அப்போது ஈமோகுளோபின் நேராகச் சிறுநீரில் இறங்கும். தேத்தண்ணி நிறம் அங்கிருந்து வந்தது. சிறுநீரகத்துக்கு அது கூடாத காலம். சாதாரண ஆளுக்கு இழந்த செங்குழியத்தை எலும்பு மச்சை சில வாரத்தில் ஈடுசெய்துவிடும். தலசீமியாப் பிள்ளைக்கு அந்த மச்சைதான் சரியாக வேலை செய்வதில்லை. கையில் இருப்பதெல்லாம் கடன் வாங்கியது. அதுவும் உடைந்தால் மிச்சமில்லை.

சரி, பொருத்திப் பார்த்தபோது ஏன் பிடிபடவில்லை? விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பரிசோதனை மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். நோயாளியின் இரத்தத்தைச் சுழற்றி மேலே தெளியும் மஞ்சள் நீரை எடுப்போம். அடையாளங்கள் அனைத்தும் தெரிந்த, ஓ வகைச் செங்குழியங்கள் இரண்டு மூன்று குப்பிகளில் இருக்கும். அந்த நீரில் இரண்டு சொட்டு, இந்தக் கலத்தில் ஒரு சொட்டு. ஏற்றப்போகும் பையின் கலத்தையும் இப்படியே பார்ப்போம். 37 பாகை வெப்பத்தில் கொஞ்ச நேரம் வைத்து, உப்புநீரில் மூன்று தடவை கழுவி, கூம்ஸ் திரவம் விடுவோம். இந்தவகை எதிரி கலத்தில் ஒட்டினாலும் கலத்தோடு கலத்தைச் சேர்த்துக் கட்ட அதற்குக் கை எட்டாது. கூம்ஸ் திரவம் இரண்டுக்கும் நடுவே பாலம் போடும். சுழற்றி எடுத்து, விளக்கடியில் குழாயை மெல்லச் சரித்தால், எதிரி இல்லாவிட்டால் அடியில் இருக்கும் சிவப்பு புகை போலக் கலைந்து எழும். இருந்தால் கட்டியாகப் பெயர்ந்து சறுக்கும். இப்போது ஜெல் கார்ட் வந்துவிட்டது. கட்டி மேலே நிற்கும், இல்லாதது அடியில் புள்ளியாக இறங்கும், பார்ப்பது சுலபம். குழாயைச் சரிக்கிற அந்த ஒரு விநாடிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை. இந்த முறையை 1945இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் வெளியிட்டார்கள். எண்பது வருடமாகியும் அடிப்படை மாறவில்லை.

ஆனால் இந்தச் சோதனை, அன்றைக்கு இரத்தத்தில் மிதக்கும் எதிரியை மட்டும்தான் காட்டும். எதிரியின் அளவு காலப்போக்கில் குறைந்துகொண்டே போகும். அந்த அடையாளத்தை மறுபடி காணாவிட்டால், சில மாதத்திலோ சில வருடத்திலோ சோதனைக்கு எட்டாத அளவுக்கு இறங்கிவிடும். கிட் எதிரிகள் இதில் பேர்போனவை. குழாயில் ஒன்றும் இல்லை, புகை போலக் கலைகிறது, 'பொருந்துகிறது' என்று எழுதியாகிறது. நினைவுக் கலங்களோ அப்படியே இருக்கின்றன. எங்கள் பிள்ளைக்கு ஆறு வருடத்துக்கு முன்பே கிட்-ஏ அடையாளத்துக்கு எதிரான பிறபொருளெதிரி கண்டுபிடித்து, அவளுடைய அட்டையில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். அதன்பிறகு வழமையான இடத்தில் கிட்-ஏ இல்லாத இரத்தமாகவே பார்த்துக் கொடுத்ததால் எதிரி அடங்கிப்போயிருந்தது. அந்த அட்டை, அவள் லீவுக்குப் போன நாளில், படுவான்கரை வீட்டு அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் இருந்தது.

தலசீமியாக் குடும்பங்களில் இரும்பைப் பற்றிக் கேட்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும். ஒரு பை இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது, அது இதயத்திலும் ஈரலிலும் படியும், அதை வெளியேற்ற டெஸ்பரால் ஊசி, டெபராசிரொக்ஸ் குளிசை. பெரிட்டின் (தேங்கிய இரும்பைக் காட்டும் அளவு) எத்தனை என்று தாய்மார் பரீட்சைப் புள்ளி போல மனனம் செய்து வைத்திருப்பார்கள். அந்தக் கவனத்தில் கால்வாசியும் இந்த எதிரிகளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் குறை. இரும்பு மெல்லக் கொல்வது, எல்லோருக்கும் வருவது. எதிரி எல்லோருக்கும் வருவதில்லை. எப்போதாவது இரத்தம் வாங்குகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கே உண்டாகும். தலசீமியாக்காரரிடம் இதைவிடப் பல மடங்கு கூட. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நூறு பை வாங்கியும் ஒன்றும் உண்டாக்காத உடம்பு உண்டு, பத்தாவது பையிலேயே இரண்டு எதிரி செய்துவைக்கும் உடம்பும் உண்டு. மிகச் சின்ன வயதிலேயே ஏற்றத் தொடங்கினால் உடல் கொஞ்சம் பொறுத்துப்போகும் என்றும், மண்ணீரல் எடுத்தவர்களுக்குக் கூடுதலாக வரும் என்றும் கண்டிருக்கிறார்கள்.

தலசீமியாவுக்கு மட்டுமல்ல இது. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இரண்டு மூன்று முறை போகும் சிறுநீரக நோயாளிகள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள், இவர்களும் அடிக்கடி இரத்தம் வாங்குகிறார்கள். இரத்தமே வாங்காமல் எதிரி உண்டாகும் ஒரு வழியும் இருக்கிறது: பிள்ளை பெறுவது. வயிற்றில் இருக்கும் பிள்ளை தகப்பனிடமிருந்து எடுத்த அடையாளம் தாயின் இரத்தத்தில் கலந்தால், தாய்க்கு அதற்கு எதிரி உண்டாகலாம். நெகட்டிவ் தாய்மாருக்குப் பேறுகாலத்தில் போடும் அன்டி-டீ ஊசி டீக்கு மட்டும்தான் காவல். நாலைந்து பிள்ளை பெற்ற அம்மா ஒருவர் அறுபது வயதில் இடுப்பெலும்பு உடைந்து வரும்போது, 'எப்போதாவது இரத்தம் ஏற்றினதா?' என்று கேட்டால் மட்டும் போதாது, 'எத்தனை பிள்ளை?' என்றும் கேட்க வேண்டும் என்பது அதனால்தான்.

எதிரி இருப்பது தெரிந்துவிட்டால், அந்த அடையாளம் இல்லாத பையைத் தேட வேண்டும். அந்தத் தேடல் எப்படி இறுகும் என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். வங்கியில் ஓ பொசிட்டிவ் பை 100 இருக்கிறது என்று வைப்போம். நம்முடைய தென்னாசிய மக்களில் சின்ன சீ இல்லாதவர் ஏறத்தாழ நூற்றுக்கு 40. கிட்-ஏ இல்லாதவர் ஏறத்தாழ 20. இரண்டுக்கும் எதிரி உள்ள ஒருவருக்கு 100 பையில் முதலில் 40 மிஞ்சும். அந்த 40இல் எட்டுத்தான் மிஞ்சும். மூன்றாவது எதிரி ஒன்று சேர்ந்தால் ஒன்றிரண்டு. மழைகாலத்தில், வெள்ளத்தால் இரத்ததான முகாம்கள் தள்ளிப்போகும் கார்த்திகை மார்கழியில், 100 பை இருந்தால்தானே இந்தக் கணக்கு. பெரிய ஈக்கு மட்டும் எதிரி என்றால் அவ்வளவு கஷ்டமில்லை; அந்த அடையாளம் நம்மவரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே இருப்பதால் ஐந்தில் நாலு பை உதவும். குழம்பிய எதிரிகளைப் பிரித்தறிய மாதிரியைக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த மையம் வரைக்கும் அனுப்ப வேண்டிவந்தால், மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல்.

அப்படி ஒரு கட்டத்தில் உறவுக்காரர் வரிசையில் வந்து நிற்பார்கள். "எங்கட ரத்தம்தானே, எடுங்க." மனம் நல்லது, யோசனை அவ்வளவு நல்லதல்ல. தகப்பனின் இரத்தத்தில் பிள்ளையிடம் இல்லாத அடையாளங்கள் இருக்கலாம். அதோடு, நெருங்கிய உறவின் வெண்குழியங்கள் பிள்ளையின் உடம்பில் அந்நியமாகத் தெரியாமல் தங்கி, அந்த உடம்பையே தாக்கும் ஒரு கொடிய நிலை மிக அரிதாக வருவதுண்டு. கதிர் பாய்ச்சாமல் உறவின் இரத்தத்தைக் கொடுக்க வைத்தியர்கள் தயங்குவது அதற்காக. பின்னாளில் மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு அதே உறவு தேவைப்படலாம் என்பது இன்னொன்று. முகாமில் வந்து ஊருக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டுப் போவதே பெரிய உதவி. இலங்கையின் இரத்தம் முழுவதும் இப்போது காசு வாங்காமல், யாருக்கென்று கேட்காமல் கொடுப்பவர்களிடமிருந்தே வருகிறது.

தடுக்க வழி இருக்கிறது. முதல் பை ஏற்றும் முன்பே பிள்ளையின் றீசஸ் அடையாளங்கள் ஐந்தையும் கெல்லையும் பார்த்து எழுதிவைத்து, அவற்றுக்குப் பொருத்தமான இரத்தத்தையே தொடக்கத்திலிருந்து கொடுப்பது. சர்வதேச தலசீமியா வழிகாட்டல்கள் சொல்வது இதைத்தான். இயன்றால் கிட், டஃபியையும் சேர்த்துப் பார்த்து வைப்பார்கள். 'முதல் பைக்கு முன்பு' என்பது வெறும் சம்பிரதாயமல்ல. ஏற்றிய பிறகு பிள்ளையின் குழாயில் ஓடுவது பாதி பிறர் இரத்தம். அதில் போய் அடையாளம் பார்த்தால் யாருடையது யாருக்கு என்று பிரிக்க முடியாது. பிறகு மரபணுச் சோதனைதான் கதி. அதேபோல, கடந்த மூன்று மாதத்துக்குள் இரத்தம் வாங்கியவருக்கு ஒவ்வொரு தவணைக்கும் புதிதாக எடுத்த மாதிரி வேண்டும். மூன்று நாளுக்கு மேற்பட்ட மாதிரி செல்லாது. "நேத்துத்தானே குத்தினீங்க, மறுபடி ஏன் புள்ளயக் குத்துறீங்க?" என்று கோபிக்கும் தகப்பன்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். மூன்று நாளில் ஒரு புது எதிரி தலைகாட்டிவிடக்கூடும், வேறொன்றுமில்லை.

எங்கள் பிள்ளையை அந்த எட்டாம் நாள் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தார்கள். உடனே மறுபடி இரத்தம் ஏற்றவில்லை. தாய்க்கு அது பெரிய கோபம்: ஈமோகுளோபின் இறங்கிக்கொண்டு போகிறது, பார்த்துக்கொண்டு இருக்கிறார்களே என்று. ஆனால் சிலருக்கு இந்த நிலையில் ஏற்றிய செங்குழியம் மட்டுமல்ல, சொந்தச் செங்குழியமும் சேர்ந்து உடையும். அப்போது இன்னும் ஏற்றுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது மாதிரி. அதற்கு ஸ்டெரொயிட், குருதியிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபியூலின் என்று வேறு வைத்தியம். அவளுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. நாளத்தில் சேலைன் ஓடியது, சிறுநீரின் அளவை மணிக்கு மணி பார்த்தார்கள், கூம்ஸ் சோதனையில் அவளுடைய இரத்தக் குழாயில் ஓடும் கலங்களில் எதிரி ஒட்டியிருப்பது தெரிந்தது, கிட்-ஏ இல்லாத இரண்டு பை தேடி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் சிறுநீர் தெளிந்தது.

அட்டை இப்போது சேலைக்கு அடியில் இல்லை. 2004 சுனாமியில் கல்முனைப் பக்கம் அலை வீட்டோடு கடதாசியையும் கொண்டுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். படுவான்கரையிலோ வருடாவருடம் வெள்ளம். அதனால் இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, பால்மா ரின்னுக்குள் ஒன்று, தாயின் கைப்பையில் போட்டோப்பிரதி ஒன்று, கைபேசியில் படம் ஒன்று. எதிரியின் பெயரையும் தாய் பாடமாக்கிவிட்டார். போன மாதம் வாட்டுக்குப் புதிதாக வந்த மிஸ்ஸியிடம் இப்படிச் சொன்னாராம்:

"மிஸ்ஸி, இவக்குக் கிட்டே ஆகா."

"ஆரம்மா, ஆருக்குக் கிட்ட போனா ஆகா?"

தாய் கைப்பையைத் திறந்து போட்டோப்பிரதியை நீட்டியிருக்கிறார்.